மா ஊறுகிற நேரம்

அக்கராயன்
08.09.2024

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் இஞ்ச சுகம். உங்கட சுகத்தையும் கேட்டு எழுதச் சொல்லி பாலன் அண்ணா, அண்ணி, அவையின்ர மகள் லக்சிகா மூண்டு பேரும் மேசையைச் சுத்தி நிண்டவை. இப்பதான் கலைச்சுவிட்டனான்.

கையால கடிதம் எழுதுறதைப் பள்ளிக்கூடத்தோட விட்டது. விசா அலுவல் பாக்கிற லோயர் அம்மா கிளிநொச்சியில வைச்சுச் சொன்னா: "கலியாணம் முடிச்சுப் பதினெட்டு நாள்தான் ஒண்டா இருந்தனீங்கள் எண்டால் அவை நம்பமாட்டினம் பிள்ளை. கடிதம் எழுதுங்கோ, பைலில வைப்பம்." ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுக்கிறதுதான். ஆனா அண்ணா போனை மேசை நடுவில நிமித்தி வைச்சிட்டுத் தானே கதைக்கிறார். நீங்கள் "ஓம் மச்சான், ஓம் மச்சான்" எண்டுறியள். நான் பின்னால நிண்டு பல்லைக் காட்டுறன்.

பால் சேகரிப்பு நிலையத்து வேலையை இன்னும் விடேல்ல. ஆனா எனக்கு ஓரிடத்தில இருப்புக் கொள்ளுதில்லை. பால் கொண்டு வாற ஆக்கள் எல்லாரும் "எப்ப பிள்ளை போறாய்?" எண்டுதான் கேக்கினம். வேலையில நிண்டாலும் வெளிக்கிட்டு நிக்கிற ஆள் மாதிரி, வீட்டில இருந்தாலும் வெளிக்கிட்டு நிக்கிற ஆள் மாதிரி.

அதால ஒண்டு கேக்கிறன். நீங்கள் பீட்சாக் கடையில பெரிய குக். எனக்கு ஒரு பீட்சா சொல்லித் தாங்கோ. வீட்டில செய்யக்கூடினது. ஒரே ஒரு கட்டளை: தக்காளி வேண்டாம். சின்ன வயசில இருந்தே எனக்குத் தக்காளி பட்டால் வாய்ச் சொண்டு தடிக்கும்.

குளிர் துவங்கிட்டுது எண்டியள். காதை மூடிக்கொண்டு போங்கோ.

அன்புடன்
சுதாஜினி


பாரிஸ்
29.09.2024

அன்பின் சுதாஜினிக்கு,

உம்மட கடிதம் வந்து சேர்ந்தது. நான் நல்ல சுகம். நீரும் வீட்டுக்காரரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கோணும்.

தக்காளிக் கதை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில அந்தப் பீட்சாக் கடைக்குப் போன நேரம் நீர் சிவப்பை எல்லாம் வழிச்சு ஓரத்தில வைச்சிட்டு வெறும் ரொட்டியையும் சீஸையும் சாப்பிட்டனீர். கண்டனான். ஏன் எண்டு கேக்க வெக்கமா இருந்தது.

இஞ்ச சனம் தக்காளி போடாத பீட்சாவும் கன பேர் சாப்பிடுகினம். வெள்ளைப் பீட்சா. செய்முறை இதுதான்: கோதுமை மா அரைக்கிலோ, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய், இளஞ்சூட்டுத் தண்ணி. நல்லாக் குழையும். தட்டையா விரிச்சு, தக்காளிக்குப் பதிலாப் பாலாடை பூசும். அதுக்கு மேல உள்ளிப்பூடு, வெங்காயம், சீஸ். அடுப்பு நல்லாச் சூடா இருக்கோணும். அவ்வளவுதான்.

செய்து பாத்திட்டு எழுதும். மச்சானுக்கும் உம்மட அண்ணிக்கும் என்ர அன்பு.

சிவகரன்


அக்கராயன்
20.10.2024

அன்பின் அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். லக்சிகாவுக்கு மட்டும் ஒரு பல்லு ஆடுது. அது உங்கட பீட்சாவால எண்டு அண்ணா சொல்லுறார்.

நடந்ததைச் சொல்லுறன். எங்களிட்ட அவண் அடுப்பு இல்லைத்தானே. பழைய அலுமினியச் சட்டிக்குள்ள மணலைப் பரப்பி, அதுக்கு மேல தட்டை வைச்சு மூடி, மூடிக்கு மேல சிரட்டைக் கரி போட்டன். மேலயும் நெருப்பு, கீழயும் நெருப்பு. பாலாடை நாலு நாளாச் சேர்த்தது. சீஸ் வாங்கேல்ல. எங்கட மாட்டுப் பாலைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரிய வைச்சு, துணியில கட்டித் தொங்கவிட்டு நானே செய்தன். மேலால பாக்க நல்ல வடிவு. மணம் ஒழுங்கை வரைக்கும் போச்சு.

கடிச்சால் கூரை ஓடு. அத்தான், உண்மையா ஓடு! அண்ணா ஒரு துண்டை நிலத்தில தட்டிக் காட்டினார். மேல் பூச்சை மட்டும் வழிச்சுச் சாப்பிட்டிட்டு மிச்சத்தை நாய்க்குப் போட்டம். நாய் அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள தாட்டிட்டுது.

என்ன பிழை விட்டனான் எண்டு யோசிச்சன். நீங்கள் எழுதினதில ஒண்டு இல்லை. குழைச்ச மாவை எவ்வளவு நேரம் வைக்கிறது? உடனே தட்டுறதோ, ஊற விடுறதோ? அதை மட்டும் எழுதுங்கோ.

விசாவுக்குப் பத்திரங்களோட கொழும்புக்குப் போற தேதி வந்திட்டுது. நவம்பர் 29. அண்ணா புதுச் சூட்கேஸ் பாத்து வைச்சிருக்கிறார்.

உங்கட
சுதா


பாரிஸ்
10.11.2024

அன்பின் சுதாவுக்கு,

உம்மட நாய்க் கதையை வாசிச்சு அறையில இருக்கிற அஞ்சு பேரும் சிரிச்சம். நான் சுகம். தடிமன் காய்ச்சல் வந்து மாறிட்டுது.

இஞ்ச இப்ப அஞ்சரைக்கே இருட்டு. மழை எண்டால் ஊர் மழை மாதிரிக் கொட்டிறேல்ல, நாள் முழுக்கச் சிணுங்கும். ரோட்டில விழுந்த இலை எல்லாம் வழுக்கும். எங்கட கடைக்குப் பக்கத்தில ஒரு நீளமான கட்டடம், ஒன்பது மாடி, லிப்ட் ஓடுறேல்ல. ஏழாம் மாடியில ஒரு கிழவர், கதவைத் திறக்க முதல் மூண்டு தரம் யார் எண்டு கேப்பார். அதுக்கு அங்கால தெருவில ஒரு வீட்டுப் படியெல்லாம் மரம், ஏறேக்க கிரீச் எண்டு கத்தும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் புது வீடுகள், மணி அடிச்சால் குரல் மட்டும் வரும், ஆளைக் காணேலாது.

உம்மட பீட்சாவுக்குத் தண்ணி காணாமல் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் இளகக் குழைச்சுப் பாரும்.

29ஆம் தேதிக்குப் பயப்பிடாமல் போயிட்டு வாரும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்.

சிவகரன்


அக்கராயன்
08.12.2024

அன்பின் அத்தானுக்கு,

உயிரோட சுகமா இருக்கிறம். வெள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பியள். குளம் நிரம்பி வான் பாஞ்சு வயலெல்லாம் தண்ணி. எங்கட வீட்டு முற்றம் வரைக்கும் வந்து, வாசற்படியில நிண்டிட்டுத் திரும்பிப் போச்சு. ஒரு மாட்டுக் கண்டு தவறிட்டுது.

கொழும்புக்குப் போகேலாமல் போச்சு. பாதை வெள்ளம். லோயர் அம்மா வேற தேதி கேட்டிருக்கிறா. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிட்ட "பரவாயில்லை மச்சான்" எண்டது எனக்குக் கேட்டது.

கடையில ஈஸ்ட் இல்லை. அப்பத்துக்குக் கள்ளு விட்டுத்தானே புளிக்க வைக்கிறம் எண்டு யோசிச்சு, மரம் சீவுற ராசு அண்ணையிட்ட ஒரு போத்தல் வாங்கினன். "பிள்ளைக்கு எப்ப தொடக்கம் இந்தப் பழக்கம்?" எண்டு ரோட்டில நிண்டு கத்திக் கேட்டார். அந்தக் கள்ளை விட்டு மாவைக் குழைச்சு விடியும் வரை வைச்சன். காலமை பாத்தால் மா சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியில நிக்குது. சுட்டால் மெத்தை மாதிரி. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கள்ளு மணம். லக்சிகா மூண்டு துண்டு சாப்பிட்டு முடிச்சு நாலாவதுக்குக் கை நீட்டினாள்.

நான் ராவு முழுக்க வைச்சனான். அங்க கடையில எவ்வளவு நேரம் வைக்கிறனியள்? போனிலயும் கேட்டனான், லைன் சரியில்லை எண்டியள். அதோட இது மூண்டாம் தரம்.

சுதா


பாரிஸ்
05.01.2025

அன்பின் சுதாவுக்கு,

புது வருச வாழ்த்து. உடம்பைக் கவனமாப் பாரும். இஞ்ச வேலை சரியான கூட. பண்டிகைக் காலம், நிக்க நேரமில்லை. கண்டு செத்தது கவலை.

கள்ளு யோசனை நல்லம். பேந்து ஆறுதலா எழுதிறன்.

சிவகரன்


அக்கராயன்
26.01.2025

அத்தானுக்கு,

நாங்கள் இருக்கிறம். நீங்களும் சுகமா இருக்கோணும் எண்டுதான் நினைக்கிறன், கோவத்தில எழுதினாலும்.

என்ர வேலை என்ன எண்டு உங்களுக்குத் தெரியும். பால் கொண்டு வாற ஆள் எவ்வளவு நல்லாக் கதைச்சாலும் நான் முகத்தைப் பாக்கிறேல்ல. அளவுக் கோலைப் பாலுக்குள்ள விட்டிட்டு அதைத்தான் பாக்கிறன். தண்ணி கலந்திருந்தால் அது தாழும். சில பேருக்கு நான் ஒண்டும் சொல்லாமலே வேர்க்கும்.

உங்கட கடிதம் எல்லாத்தையும் நேற்று ஒண்டா வைச்சு வாசிச்சன். ஒன்பது மாடி தெரியுது. ஏழாம் மாடிக் கிழவர் எத்தினை தரம் கேப்பார் எண்டு தெரியுது. எந்த வீட்டுப் படி கத்தும் எண்டு தெரியுது. குசினிக்குள்ள அடுப்படியில நிக்கிற ஆளுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்? மா எவ்வளவு நேரம் ஊறும் எண்டது மட்டும் தெரியேல்ல.

அத்தான், நீங்கள் ஒரு நாளாவது மாவைத் தொட்டிருக்கிறியளோ?

இந்தக் கடிதத்தை லோயர் அம்மாவிட்டக் காட்டேல்ல. நீங்களும் பைலுக்கு வைக்க வேண்டாம்.

சுதாஜினி


பாரிஸ்
23.03.2025

சுதாவுக்கு,

ரண்டு மாதமாகப் போகுது. ஞாயிற்றுக்கிழமையில நான் போன் எடுக்கேல்ல. மச்சானுக்குக் காய்ச்சல் எண்டு மெசேஜ் போட்டன். காய்ச்சல் இல்லை. நீர் சுகமா எண்டு கேக்கக்கூட எனக்கு முகமில்லை, எண்டாலும் கேக்கிறன்.

இல்லை. ஒரு நாளும் மாவைத் தொடேல்ல.

நான் பீட்சா சுடுறேல்ல, கொண்டு போய்க் குடுக்கிறன். முதுகில சதுரப் பெட்டி, சைக்கிள். மூண்டு வருசமா இந்த வேலை. கடைக் குசினியை வாசலில நிண்டு பாத்ததுதான். மாப் பிசையிறவர் கரீம் எண்டு ஒரு அல்ஜீரியாக்காரர், அவர் பெட்டியை என்ர கையில தருவார், நான் ஓடுவன். உமக்கு எழுதின செய்முறை சிவப்பு விளக்கில நிக்கேக்க போனில பாத்தது. பச்சை விழுந்திட்டுது. மிச்சத்தை வாசிக்கேல்ல.

உங்கட வீட்டுக்குப் பொம்பிளை பாக்க முதல் வந்த அண்டு, என்ர அம்மாதான் "மகன் அங்க பெரிய குக்" எண்டு சொன்னவா. புரோக்கர் அதுக்கு மேல ஒரு மாடி கட்டினார். நான் இல்லை எண்டு சொல்ல வாயைத் திறந்தனான். அந்த நேரம் நீர் தேத்தண்ணியோட வந்தனீர். பிறகு மூடின வாய்தான். யாழ்ப்பாணத்தில அந்தப் பீட்சாவைக் கையில எடுத்து "மா சரியாப் பொங்கேல்ல" எண்டு நான் சொன்னது ஞாபகமோ? நீர் தலையாட்டினனீர். அதை நினைச்சால் இப்பவும் காது சுடுது.

இன்னொரு விசயம். விசாப் பைலுக்கு என்ர வேலைக் கடிதமும் வேணுமாம். நான் குக் எண்டு எழுதித்தர முதலாளி ஆயத்தம். சும்மா இல்லை, ஆறு மாதம் ஞாயிறு வேலை சம்பளமில்லாமல் செய்யட்டாம். நான் ஓம் எண்டிருந்தனான்.

மச்சானுக்குச் சொல்லுறதெண்டால் சொல்லும். நீர் என்ன முடிவு எடுத்தாலும் நான் மறுத்துக் கதைக்கமாட்டன்.

சிவகரன்


அக்கராயன்
13.04.2025

அத்தானுக்கு,

நாளைக்கு வருசம் பிறக்குது. அண்ணி குசினியில பலகாரம் சுடுறா, நான் உதவி செய்யாமல் இருந்து இதை எழுதுறன். சுகம் கேட்டனீங்கள். நித்திரை குறைவு. வேற வருத்தம் இல்லை.

உங்கட கடிதத்தைப் பால் நிலையத்தில, பால் கான்களுக்குப் பின்னால நிண்டு வாசிச்சன். அண்டைக்கு ரண்டு பேரின்ர பாலைப் பிழையா அளந்திட்டன், அப்பிடி ஒரு கோவம். சைக்கிளில போறது என்ன களவே? எங்கட அப்பா ஒரே ஒரு சைக்கிளில நெல்லு மூட்டை கட்டி எங்கள் ரண்டு பேரையும் வளர்த்தவர். வேலைக்கு நான் வெக்கப்படேல்ல. நான் தலையாட்டினதுக்குத்தான் வெக்கப்படுறன்.

அண்ணாவுக்குச் சொன்னன். "அவன்ர பேரை இந்த வீட்டில எடுக்கக்கூடாது" எண்டார். அண்ணி இடையில வந்து, "அவள்தான் கட்டினவள், நீங்களே கட்டினியள்?" எண்டு கேட்டா. அதோட அவர் வயலுக்குப் போயிட்டார்.

ஆனா எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு. நவம்பரில பாதை வெள்ளம் எண்டு எழுதினது பாதி உண்மை. 28ஆம் தேதி பஸ் ஓடினது. அண்ணா மாங்குளம் வரைக்கும் கொண்டுவந்து ஏத்திவிட்டவர். நான் ஜன்னலோரம் இருந்தன், மடியில பைல். பக்கத்தில ஒரு மனிசி, நல்ல கதை. "அவர் அங்க என்ன செய்யிறார் பிள்ளை?" எண்டு கேட்டா. "பீட்சா சுடுறார்" எண்டு சொல்ல வெளிக்கிட்டன். வாயால வரேல்ல. மாடிப்படிகளைப் பற்றி நீங்கள் எழுதின கடிதம் முதல் நாள்தான் வந்தது. வவுனியாவில பஸ் நிண்டது, இறங்கிட்டன். பஸ் நிலையத்தில ரண்டு வடை சாப்பிட்டன். திரும்பி வாற பஸ் எடுத்தன். அங்கால பாதை மூடியிருக்கு எண்டு அண்ணாவுக்குச் சொன்னன்.

ஆக, நீங்கள் ஒரு பொய், நான் ஒரு பொய். எது பெரிசு எண்டு நான் பாக்கேல்ல. உங்களில கோவம் இன்னும் போகேல்ல.

குக் எண்டு கடிதம் வாங்காதேங்கோ. அதால வாற விசாவில நான் பிளேன் ஏறமாட்டன்.

கரீமிட்ட ஒண்டு கேட்டு எழுதுங்கோ. மாவை எவ்வளவு நேரம் வைக்கிறவர்?

சுதாஜினி


பாரிஸ்
11.05.2025

அன்பின் சுதாவுக்கு,

கோவத்தோட எண்டாலும் நீர் எழுதினது எனக்குப் போதும். நித்திரை இப்ப வருதோ?

ரண்டு நாள். கரீம் மாவை ரண்டு நாள் குளிரில வைக்கிறவர். ஈஸ்ட் ஒரு நுள்ளுத்தான். கூடப் போட்டு அவசரப்படுத்தினால் வயித்துக்கும் கூடாது, ருசியும் இல்லையாம். நான் கேட்டவுடன அவர் சிரிச்சுப்போட்டு, "மூண்டு வருசம் என்ர வாசலில நிண்டனி, இப்பதான் கேக்கிறாய்" எண்டார்.

வேலை துவங்க ஒரு மணித்தியாலம் முந்திப் போறன். அவர் பிசைய விடுறார். முதல் நாள் மா என்ர முழங்கை வரைக்கும் ஒட்டிச்சுது. ரண்டாம் நாள் விரிக்கேக்க நடுவில கிழிஞ்சுது. "அதை அடிக்காதை, அது உனக்கு ஒண்டும் செய்யேல்ல" எண்டு கத்தினார். பத்தாவது நாள் ஒரு வெள்ளைப் பீட்சா வட்டமா வந்தது. பாலாடை, உள்ளி, மேல கொஞ்சம் மிளகு. அதை நானே ஒரு வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்தன். படியில நிண்டு பெட்டியை மூக்கில வைச்சு மணந்து பாத்தன், சிரிக்காதையும்.

முதலாளியிட்டக் கடிதம் வேண்டாம் எண்டிட்டன். அவர் தோளைக் குலுக்கினார். கரீம் போய்க் கதைச்சதால கிழமையில மூண்டு நாள் உள்ளுக்கு எடுத்திருக்கினம், தட்டுக் கழுவவும் மா உருட்டவும். மிச்ச நாள் சைக்கிள்தான். ஒழுங்கான வேலைக் கடிதம் வர இன்னும் ஒரு வருசம் செல்லும். அது வரைக்கும் விசா அலுவல் நகராதாம். உமக்கு ஒரு வருசம் எண்டது சின்ன விசயம் இல்லை எண்டு தெரியும். இதை எழுதக் கை தயங்குது. ஆனா எழுதாமல் விடுறேல்ல எண்டு முடிவு.

ஓகஸ்டில நாலு கிழமை லீவு இருக்கு. வரட்டோ எண்டு கேக்க எனக்கு உரிமை இருக்கோ தெரியாது.

சிவகரன்


அக்கராயன்
15.06.2025

அன்பின் அத்தானுக்கு,

நித்திரை வருது. லக்சிகாவுக்குப் புதுப் பல்லு முளைச்சிட்டுது. உங்கட கை முழங்கை எல்லாம் எப்பிடி?

ரண்டு நாள் குளிர் எண்டியள். எங்கட வீட்டுப் பிரிஜ் உங்களுக்குத் தெரியும், கரண்ட் போனால் அலுமாரி. அதால மாச்சட்டியைப் பால் நிலையத்துக் குளிர் அறையில, கான்களுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சன். ரண்டாம் நாள் மேற்பார்வை ஐயா கண்டுபிடிச்சிட்டார். மூடியைத் திறந்து விரலால குத்திப் பாத்து, "சுதாஜினி, இதில கொழுப்பு எத்தினை வீதம்?" எண்டு கேட்டார். வேலை போச்சு எண்டுதான் நினைச்சன். "சுட்டுக் கொண்டு வாரும், பேந்து பாப்பம்" எண்டிட்டார்.

அடுத்த நாள் பத்து வெள்ளைப் பீட்சா கொண்டு போனன். உள்ளி, பச்சை மிளகாய், எங்கட திரிச்ச பால், கொஞ்சம் முருங்கை இலையும் தூவினது. பால் கொண்டு வந்த ஆக்கள் சைக்கிளில இருந்து இறங்காமலே கை நீட்டிச்சினம். வேலியோரம் இருக்கிற வடிவம்மா அக்கா ஒரு துண்டைச் சேலைத் தலைப்பில முடிஞ்சா, மனிசனுக்காம். ஒருத்தரும் அண்டைக்கு "எப்ப போறாய்" எண்டு கேக்கேல்ல. "நாளைக்கும் கொண்டு வருவியோ?" எண்டுதான் கேட்டினம். ஐயா இப்ப குளிர் அறையில ஒரு தட்டை எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். எனக்கு நிண்ட இடத்தில நிக்கேலாமல் இருக்கு, ஆனா இது பழைய மாதிரி இல்லை.

ஒரு வருசம் எண்டால் ஒரு வருசம். அந்த வருசம் முடிய வருவனோ எண்டு இப்ப சத்தியம் பண்ணமாட்டன். பதினெட்டு நாள் என்னோட இருந்த ஆள் ஒரு குக். அவரை எனக்குத் தெரியாது. படியில நிண்டு பீட்சாவை மணந்து பாத்த ஆளைத்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அவரோட கொஞ்ச நாள் இருந்து பாக்கோணும்.

வாங்கோ. கேக்க உரிமை இருக்கோ இல்லையோ, நான் சொல்லுறன்.

அண்ணா இன்னும் உங்களோட கதைக்க ஆயத்தமில்லை. கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வான் பிடிக்கமாட்டன், மாலையும் வாங்கமாட்டன் எண்டிட்டார். அது காரியமில்லை. நான் தனிய வாறன். பெரிய இடமாம், கன வாசலாம், ஆளை ஆள் தவறவிடலாமாம். நீங்கள் எந்த வாசலால வெளியில வருவியள் எண்டு மட்டும் சரியாக் கேட்டு எழுதுங்கோ.

உங்கட
சுதா